கடிகாரம் யார் கையில்? நெட்வொர்க் பிளேயர்களில் நேரம் பிசகும் இடங்கள்

நெட்வொர்க் வழியாகப் பாட்டு கேட்கும்போது நேரம் நான்கு விதமாகப் பிசகலாம். பாட்டு நடுவில் டக்கென்று நின்று தொடர்வது ஒன்று. இணைய வானொலி நாள் முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டு, யாரும் எதையும் தொடாத நேரத்தில் ஒரே ஒரு முறை விக்குவது இன்னொன்று. ஹாலில் இருக்கும் ஸ்பீக்கரும் சமையலறை ஸ்பீக்கரும் முன்பின்னாகப் பாடுவது மூன்றாவது. எண்களை ஒலிக்கான மின்னழுத்தமாக மாற்றும் டிஏசி சிப்புக்குப் போகும் கடிகாரத் துடிப்பு மிக நுண்ணிய அளவில் முன்னும் பின்னும் ஆடுவது நான்காவது. வாங்கும்போதும் விற்கும்போதும் இந்த நான்கையும் ஜிட்டர் என்றே பேசுகிறோம். அங்கேதான் பணம் வீணாகிறது.

காரணம், இவற்றின் அளவுகள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை. முதலாவதும் மூன்றாவதும் மில்லி நொடி விவகாரம். நான்காவது பிக்கோ நொடி விவகாரம். இரண்டுக்கும் இடையே நூறு கோடி மடங்கு தூரம். இரண்டாவதோ, நொடிக்கு நொடி கண்ணுக்கே தெரியாமல் சேர்ந்துகொண்டு போய் பல மணி நேரம் கழித்து வெளிப்படுவது. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. பாட்டு நின்று நின்று வருகிறது என்பதற்காக விலை உயர்ந்த கடிகாரம் பொருத்திய டிஏசி வாங்கினால் அது நின்று நின்றுதான் வரும். எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இங்கே நேரத்தைத் தீர்மானிக்கும் கடிகாரம் எது, அது எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது?

பாக்கெட் தாமதமாக வந்தால்

சிடி தரத்தில் ஒரு நொடி ஸ்டீரியோ ஒலி 1,76,400 பைட். ஈதர்நெட்டில் ஒரு முழு டிசிபி பாக்கெட் 1,460 பைட் தரவைச் சுமக்கும். அதாவது ஒரு பாக்கெட்டில் சுமார் 8.3 மில்லி நொடிப் பாட்டு. நொடிக்கு 121 பாக்கெட் வந்தால் போதும். அவை சீரான இடைவெளியில் வருவதில்லை. இருபது கொத்தாக வரும், பிறகு 100 மில்லி நொடிக்கு ஒன்றுமே வராது, ஒன்று வழியில் தொலைந்து மறுபடி அனுப்பப்படும். இதனால் ஒலி கெடுவதில்லை. பாக்கெட் எந்தக் கணத்தில் வந்தது என்ற தகவல் டிஏசி வரை போவதே கிடையாது. அதிலிருந்த எண்கள் நினைவகத்தில் வரிசையாக அடுக்கப்படுகின்றன. டிஏசி பக்கத்துக் கடிகாரம் தன் துடிப்புக்கு ஒன்றாக அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. மாடித் தொட்டியில் தண்ணீர் இருக்கும்வரை, மோட்டார் எப்போது ஓடியது எப்போது நின்றது என்பது குழாயடியில் தெரியாது.

எம்பிடி என்ற பிளேயர் மென்பொருளின் இயல்பான பஃபர், அதாவது அதன் தொட்டி, 4 எம்பி. சிடி தரத்துக்கு அது 23 நொடிக்கும் மேலான இருப்பு. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பாக இருந்தால் எம்பிடி ஒவ்வொரு சாம்பிளையும் (ஒரு கணத்து ஒலி அளவைச் சொல்லும் எண்) 4 பைட்டில் வைப்பதால் அதே பஃபர் 2.7 நொடிக்குத்தான் தாங்கும். உயர் தரக் கோப்புகள் மட்டும் விக்கி விக்கி வருவதற்கு இந்தக் கணக்கே பெரும்பாலும் காரணம். பஃபரை நான்கு மடங்காக்கினால் சரியாகிவிடும்; ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில்கூட 16 எம்பி ஒரு பொருட்டே இல்லை.

ஈதர்நெட் கேபிளை மாற்றினால் ஒலியின் நேரம் திருந்தும் என்ற பேச்சுக்கு மேலே சொன்ன காரணத்தால் இடமே இல்லை. கேபிளில் கவனிக்க வேண்டியது வேறு. ஈதர்நெட் போர்ட்டுக்குள் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. தரவு அதைத் தாண்டிப் போகும், நேரடி மின் இணைப்பு போகாது. உலோக உறை போட்ட கேபிளும் இரு முனையிலும் உலோகக் கூடு உள்ள பிளக்கும் சேர்ந்தால் அந்தப் பிரிப்பு வீணாகி, ரவுட்டரின் எர்த்தும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தும் ஒட்டிக்கொண்டு 50 ஹெர்ட்ஸ் உறுமல் வரலாம். ஆகவே பிளேயருக்குச் சாதாரண உறையில்லாத கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளே நல்லது. அது மலிவும்கூட.

சரி, தொட்டி ஏன் காலியாகிறது? வைஃபை என்றால் முதல் சந்தேகம் பவர் சேவ் மீது. மின்சாரம் மிச்சம் பிடிக்க வைஃபை சிப் தூங்கிவிடும். ரவுட்டர் அதற்கான பாக்கெட்டுகளைத் தன்னிடம் வைத்திருந்து, அது விழித்ததும் கொடுக்கும். ரவுட்டர் தன் இருப்பை அறிவிக்கும் பீக்கன் சமிக்ஞையை அனுப்பும் இடைவெளி வழக்கமாக 102.4 மில்லி நொடி என்பதால் தாமதமும் அந்தப் படிகளில் ஏறும். சுவரில் செருகியே கிடக்கும் மியூசிக் பிளேயருக்கு இந்தச் சிக்கனம் தேவையே இல்லை. அணைத்துவிடுங்கள், ரீபூட் செய்த பிறகும் அணைந்தே இருக்கிறதா என்று பாருங்கள்; பல அமைப்புகளில் அது தானாகத் திரும்பி வந்துவிடும்.

ராஸ்பெரி பையில் இன்னொரு பொறி உண்டு. பழைய மாடல் பி, பை 2, பை 3 ஆகியவற்றில் ஈதர்நெட்டும் யூஎஸ்பி போர்ட்டுகளும் ஒரே ஒரு யூஎஸ்பி 2.0 பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. யூஎஸ்பி டிஏசியைச் செருகி, ஈதர்நெட்டில் பெரிய கோப்பை இழுத்து, யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கையும் படிக்கச் சொன்னால் மூன்றும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். பை 4 வந்தபோது ஈதர்நெட் தனிப் பாதைக்குப் போனது. பை 3-ஐயே வைத்துக்கொள்வதானால் ஐ2எஸ் என்ற நேரடி ஒலி இணைப்பு வழியாகப் பையின் தலையில் பொருத்தும் டிஏசி பலகை இந்த நெரிசலுக்கு வெளியே இருக்கும்.

எது காரணம் என்று பிரித்தறிய எளிய வழி: விக்கும் பாட்டை பிளேயரின் எஸ்டி கார்டிலேயே நகலெடுத்து ஓட்டிப் பாருங்கள். அப்போதும் விக்கினால் நெட்வொர்க் நிரபராதி. லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவின் பஃபர் மிகச் சிறியதாக வைக்கப்பட்டிருக்கும், அல்லது வேறு ஏதோ வேலை பிராசஸரைப் பிடித்து வைத்திருக்கும். விக்கவில்லை என்றால், பிளேயரிலிருந்து ரவுட்டருக்கு நொடிக்கு ஐந்து என்ற கணக்கில் பத்து நிமிடம் பிங் (பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் சோதனைப் பாக்கெட்) அனுப்புங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அதிகபட்ச எண்ணைப் பாருங்கள். சராசரி 4, அதிகபட்சம் 900 மில்லி நொடி என்று வந்தால் கோளாறு வைஃபையில். ரவுட்டர் வரை எல்லாம் சுத்தமாக இருந்து, நீண்ட நேரம் சும்மா இருந்த பிறகு போடும் முதல் பாட்டு மட்டும் தடுமாறினால் பாட்டுகள் கிடக்கும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியான நாஸின் ஹார்ட் டிஸ்க் தூங்கி எழுந்து சுழல எடுத்துக்கொள்ளும் நொடிகள் அவை.

இரண்டு கிரிஸ்டல்கள் ஒன்றாக ஓடாது

இந்தத் துறையில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், என் கணிப்பில் மிக அதிகத் தொல்லை தருவதும் இதுதான்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் துடிக்கிறது. சாதாரண கிரிஸ்டலின் துல்லியம் 50 பிபிஎம் அளவில் இருக்கும். பத்து லட்சத்தில் 50 என்று பொருள். 44,100 என்று எழுதியிருக்கும் கடிகாரம் உண்மையில் 44,102.2 ஆக ஓடலாம், 44,097.8 ஆகவும் ஓடலாம். காதுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. 100 பிபிஎம் வேறுபாடுகூட சுருதியில் 0.17 சென்ட்தான்; ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட்.

ஒரே கடிகாரம் இருக்கும்வரை சிக்கலும் இல்லை. நாஸில் கிடக்கும் ஃபிளாக் கோப்பை எம்பிடியோ லிரியன் என்ற மியூசிக் சர்வரோ ஓட்டும்போது, கோப்புக்கென்று ஓடுகிற கடிகாரம் எதுவும் கிடையாது. டிஏசி தீர்ந்த அளவுக்குக் கேட்கும், பிளேயர் அந்த அளவுக்குப் படித்துக் கொடுக்கும். டிஏசி 50 பிபிஎம் வேகமாக ஓடினால் ஒரு மணி நேரக் கச்சேரி 0.18 நொடி முன்னதாக முடியும். அவ்வளவுதான்.

அனுப்புகிற இடத்திலும் ஒரு கடிகாரம் ஓடும்போதுதான் கதை மாறுகிறது. இணைய வானொலியில் நிலையத்தின் என்கோடர் தன் சவுண்ட் கார்டின் கடிகாரப்படி நொடிக்கு இத்தனை என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆப்பிளின் ஏர்பிளேயில் ஐபோன் அனுப்புகிறது. ப்ளூடூத்திலும் டிவியிலிருந்து வரும் எஸ்பிடிஃப் என்ற டிஜிட்டல் ஒலி இணைப்பிலும் அதே கதை. இந்தப் பக்கம் டிஏசி தன் கடிகாரப்படி தின்கிறது. ஒன்று +50, மற்றொன்று −50 என்று அமைந்தால் வேறுபாடு 100 பிபிஎம்: நொடிக்கு 4.41 சாம்பிள், மணிக்கு 15,876 சாம்பிள், நேரக் கணக்கில் 0.36 நொடி. ஒரு நொடி பஃபர் 2 மணி 46 நிமிடத்தில் ஒன்று வற்றிவிடும், இல்லை நிரம்பி வழியும்.

இணைய வானொலிகள் பயன்படுத்தும் ஐஸ்காஸ்ட் சர்வரை எடுத்துக்கொள்வோம். புதிதாக ஒருவர் இணைந்ததும் அது 65,535 பைட்டைத் தொடக்கத்திலேயே ஒரே வீச்சில் தந்துவிடும். இயல்பான அமைப்பு அது. 128 கிலோபிட் ஒலிபரப்பில் அது 4.1 நொடி இருப்பு. அதன் பிறகு என்கோடர் தரும் வேகத்தில்தான் தரவு வரும். கேட்பவரின் டிஏசி 50 பிபிஎம் வேகமாக ஓடினால் அந்த 4.1 நொடி இருப்பு சுமார் 82,000 நொடியில் கரையும்: 22 மணி 45 நிமிடம். நாள் முழுக்க ஓடும் கடை, மருத்துவமனை வரவேற்பறை போன்ற இடங்களில் "தினமும் ஒரு தடவை நிற்கிறது" என்ற புகாரின் பின்னால் இந்தக் கணக்கு இருக்கக்கூடும். டிஏசி மெதுவாக ஓடினால் தரவு பிளேயரின் பஃபரை நிரப்பி, பின்னோக்கிச் சர்வரின் வரிசையில் தேங்கும். அந்த வரிசையின் இயல்பான எல்லை 5,24,288 பைட், அதாவது 32.8 நொடி. அதைத் தாண்டிப் பின்தங்கும் கேட்பவரை ஐஸ்காஸ்ட் துண்டித்துவிடும். இந்த வகை பல நாட்களுக்கு ஒரு முறைதான் நேரும் என்பதால் இணையச் சேவை நிறுவனத்தின் மீது பழி போய்விடுகிறது.

தீர்வுகள் மூன்று வகை. டிஏசியின் கடிகாரத்தையே அனுப்புபவரின் வேகத்துக்கு நுட்பமாக இழுத்துப் பிடிப்பது ஒன்று. அதற்கு வன்பொருள் ஒத்துழைக்க வேண்டும். இரண்டாவது, ஒலியைத் தொடர்ச்சியாக மறு சாம்பிள் செய்து 44,100-ஐ 44,102 ஆக்குவது. மூன்றாவது, அவ்வப்போது ஒரு சாம்பிளைச் சேர்ப்பது அல்லது கழிப்பது. ஏர்பிளே பாட்டைப் பெற்று ஒலிக்கும் ஷேர்போர்ட் சிங்க் என்ற மென்பொருள் இதைச் செய்யும் விதம் பார்க்கத் தகுந்தது. ஏர்பிளேயின் பழைய வடிவத்தில் ஒரு பாக்கெட்டுக்கு 352 சாம்பிள்; நொடிக்கு 125 பாக்கெட். 50 பிபிஎம் வேறுபாட்டைச் சரிக்கட்ட நொடிக்கு 2.2 சாம்பிள் கூட்டினாலோ குறைத்தாலோ போதும். அதாவது 125 பாக்கெட்டில் இரண்டைத் தொட்டால் போதும். அடிப்படை முறையில் அந்தப் பாக்கெட்டில் ஒரே இடத்தில் ஒரு சாம்பிள் நுழையும் அல்லது விலகும். சாக்ஸ்ஆர் முறையில் 352 சாம்பிளையும் சேர்த்து 351 ஆகவோ 353 ஆகவோ நீட்டிச் சுருக்கும். பியானோவின் ஒற்றைச் சுரம் நீண்டு ஒலிக்கும் இடத்திலோ, தம்புரா மட்டும் ஒலிக்கும் இடத்திலோ முதல் முறையில் மெல்லிய நெருடல் இருக்க வாய்ப்புண்டு. பிராசஸர் தாங்குமானால் இரண்டாவதே நல்லது. 2 மில்லி நொடிக்குள் உள்ள பிசகை ஷேர்போர்ட் சிங்க் கண்டுகொள்ளாது, 50 மில்லி நொடியைத் தாண்டினால் மொத்தமாக நிறுத்தி மறுபடி தொடங்கும். இவை அதன் இயல்பான எல்லைகள். ஏர்பிளேயில் அடிக்கடி ஒரு கணம் மௌனம் வருகிறது என்றால் அந்த 50 மில்லி நொடி எல்லை மீறப்படுகிறதா என்று அதன் லாக் பதிவேட்டில் தேடுங்கள்.

பிக்கோ நொடிகளின் உண்மை அளவு

இனி அசல் ஜிட்டர். ஒவ்வொரு சாம்பிளும் சரியான எண்ணாகவே இருந்தும், அது மின்னழுத்தமாக மாறும் கணம் முன்பின்னாக ஆடினால் அலையின் வடிவம் கெடும். சிக்னல் எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறதோ அவ்வளவு சேதம். 16 பிட்டில் முழு உயரத்தில் இருக்கும் 20 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு, கடைசிப் பிட்டின் பாதி அளவு பிழை வர 121 பிக்கோ நொடி பிசகினால் போதும். இந்த எண்ணைத்தான் விளம்பரங்கள் காட்டிப் பயமுறுத்துகின்றன. ஆனால் எந்த இசையிலும் 20 கிலோஹெர்ட்ஸ் முழு உயரத்தில் இருப்பதில்லை. 10 கிலோஹெர்ட்ஸ் சுரத்தை, 1 நானோ நொடி (ஆயிரம் பிக்கோ நொடி) உச்சம் கொண்ட சீரான ஜிட்டர் தொட்டால் இருபுறமும் எழும் பக்க அலைகள் மூல அலையைவிட 90 டெசிபல் கீழே இருக்கும். 100 பிக்கோ நொடி என்றால் 110 டெசிபல் கீழே.

காதுக்குத் தெரிவது எந்த அளவில்? 1998-ல் டால்பியைச் சேர்ந்த பெஞ்சமின், கேனன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், தனிச் சுரத்தில் மிகக் கூர்மையான நிலையிலும் 10 நானோ நொடி அளவும், இசையில் 20 நானோ நொடி அளவும் தேவைப்பட்டன. 2005-ல் ஜப்பானில் அஷிஹாராவும் உடன் ஆய்வாளர்களும், பயிற்சி பெற்றவர்களை அவர்களுக்குப் பழகிய கருவிகளிலேயே கேட்கவைத்துச் சோதித்தபோது ஒழுங்கற்ற ஜிட்டருக்கான எல்லை பல நூறு நானோ நொடியாக இருந்தது. இன்று ஒழுங்காக வடிவமைத்த யூஎஸ்பி டிஏசி இதற்கெல்லாம் வெகு கீழே நிற்கிறது. ஜிட்டர் என்பது கட்டுக்கதை என்று நான் சொல்லவில்லை. அது கண்டறியப்பட்டு, பெரும்பாலான பெட்டிகளில் தீர்க்கப்பட்டும்விட்ட சிக்கல்; சில பெட்டிகளில் மட்டும் இன்னும் தீராமல் இருக்கிறது.

தீராத இடங்களில் முதன்மையானது, கடிகாரம் தரவோடு கலந்தே வரும் எஸ்பிடிஃப். அதில் ஒவ்வொரு பிட்டும் கம்பியில் நிலைமாற்றமாகப் போகிறது. பெறும் பக்கம் அந்த மாற்றங்களின் ஓரங்களிலிருந்து கடிகாரத்தை மீட்டெடுக்கிறது. கேபிளின் அலைவரிசை போதாமல் ஓரங்கள் மழுங்கினால், முந்தைய பிட் ஒன்றா பூஜ்யமா என்பதைப் பொறுத்து அடுத்த ஓரம் சற்று முன்னோ பின்னோ விழும். பாட்டின் தரவே கடிகாரத்தை ஆட்டிவைக்கும். 1992-ல் கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்ஃபோர்ட் இருவரும் இந்த இணைப்பின் இந்தக் குறையை விரிவாக அலசினார்கள். ஜூலியன் டன் வடிவமைத்த ஜே-டெஸ்ட் சிக்னல் இதைத் துருவிப் பார்க்கத்தான்: 44.1 கிலோஹெர்ட்ஸில் 11,025 ஹெர்ட்ஸ் சுரமும், கடைசிப் பிட்டில் 229.6875 ஹெர்ட்ஸ் சதுர அலையும். கடிகாரம் தரவால் ஆடினால் 11,025-க்கு இருபுறமும் 230 ஹெர்ட்ஸ் இடைவெளியில் முட்கள் எழும். எஸ்பிடிஃப்பை விட வழியில்லை என்றால் 75 ஓம் கேபிளே போடுங்கள், பழைய சிவப்பு வெள்ளை ஆடியோ கேபிளைச் செருகாதீர்கள்.

யூஎஸ்பியில் இந்தச் சிக்கலுக்கு முடிவு கட்டியது அசிங்க்ரனஸ் முறை. பழைய அடாப்டிவ் முறையில் கணினி மில்லி நொடிக்கு ஒரு பொட்டலம் அனுப்பும்; 44.1 முழு எண் அல்ல என்பதால் ஒன்பது பொட்டலத்தில் 44 சாம்பிளும் பத்தாவதில் 45-உம் இருக்கும். அந்த வேகத்தைப் பார்த்து டிஏசி தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அசிங்க்ரனஸில் டிஏசியின் கிரிஸ்டலே எஜமான். அது ஒரு பின்னூட்டப் பாதை வழியாக "எனக்கு இப்போது இவ்வளவு அனுப்பு" என்று கணினியிடம் சொல்லும். பிளேயரின் கடிகாரம் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் ஒலிக்கு ஒட்டாது. டிஏசி வாங்கும்போது விவரப் பட்டியலில் தேட வேண்டிய சொல் இது ஒன்றுதான்.

ராஸ்பெரி பையின் ஐ2எஸ் இன்னொரு தீராத இடம். பை 3 வரை 19.2 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், பை 4-ல் 54 மெகாஹெர்ட்ஸ். சிடிக்குத் தேவையான பிட் கடிகாரம் 44,100-ஐ 64-ஆல் பெருக்கிய 2.8224 மெகாஹெர்ட்ஸ். 19.2-ஐ அதனால் வகுத்தால் 6.80 வரும். 48 கிலோஹெர்ட்ஸ் குடும்பத்துக்கு வகுத்தால் 6.25. இரண்டுமே முழு எண் இல்லை. ஆகவே சிப் ஒரு முறை 6-ஆலும் மறுமுறை 7-ஆலும் வகுத்துச் சராசரியில் சரிக்கட்டுகிறது. சராசரி சரி, ஒவ்வொரு துடிப்பும் சரியில்லை. வகுக்கப்படும் மூலக் கடிகாரத்தின் ஒரு சுற்று அளவுக்கு ஓரம் தாவும்: மூலம் 19.2 மெகாஹெர்ட்ஸ் என்றால் 52 நானோ நொடி, 500 மெகாஹெர்ட்ஸ் என்றால் 2 நானோ நொடி. மேலே பார்த்த கேள்தகு எல்லையை இது நெருங்குகிறது. மலிவான பலகைகளில் உள்ள பிசிஎம்5122 போன்ற சிப்புகள் தம் பிஎல்எல் (கடிகாரத்தைப் பின்தொடர்ந்து சீராக்கும் சுற்று) மூலம் இந்த ஆட்டத்தைப் பெருமளவு வடிகட்டிக்கொள்ளும். முழுமையான தீர்வு, பலகையிலேயே இரண்டு ஆசிலேட்டர்கள் வைத்து, பையை அதற்குப் பின்னால் ஓடவைப்பது; ஹைஃபைபெர்ரி டிஏசி பிளஸ் ப்ரோ அந்த வகை. 22.5792 மெகாஹெர்ட்ஸ் 44.1 குடும்பத்துக்கு, 24.576 மெகாஹெர்ட்ஸ் 48 குடும்பத்துக்கு. இந்த இரட்டைக் குடும்பத் தொல்லைக்கு வேர், தொடக்ககால டிஜிட்டல் ஒலிப்பதிவு வீடியோ டேப்பில் நடந்தது: ஒரு வரிக்கு 3 சாம்பிள், ஒரு ஃபீல்டுக்கு 245 வரி, நொடிக்கு 60 ஃபீல்டு. பெருக்கினால் 44,100.

துல்லியமும் ஜிட்டரும் வேறு வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 50 பிபிஎம் தவறாக ஓடும் ஒரு கிரிஸ்டல் துடிப்புக்குத் துடிப்பு அசையாமல் இருக்கலாம். ரூபிடியம் அணுக் கடிகாரம் பல ஆண்டுகளுக்குச் சரியான நேரம் காட்டும். ஒலிக்கு அந்தக் குணத்தால் பயன் இல்லை. அதன் 10 மெகாஹெர்ட்ஸை வெளியிலிருந்து கேபிளில் கொண்டுவந்து 22.5792 ஆக்க வேண்டும் என்றால் விகிதம் 7056-க்கு 3125. எளிய பிஎல்எல் ஒன்று அதை 3,200 ஹெர்ட்ஸ் வரை இறக்கி மறுபடி 7,056 மடங்கு ஏற்ற வேண்டும். அந்தப் பயணத்தில் சேரும் இரைச்சலைவிட, டிஏசி சிப்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் சாதாரண நல்ல கிரிஸ்டல் மேல். ஒரே கடிகாரத்தில் பல கருவிகள் ஓட வேண்டிய ஸ்டூடியோவுக்கு வெளிக் கடிகாரம் தேவை. வீட்டில் ஒரே டிஏசிக்கு அதை வாங்குவது தவறான செலவு.

அளந்து பார்ப்பவர்களுக்கு ஒரு சோதனை. 1 கிலோஹெர்ட்ஸிலும் 10 கிலோஹெர்ட்ஸிலும் ஒரே உயரச் சுரம் ஓட்டி, ஒலியை எண்ணாக்கும் நல்ல ஏடிசியில் பதிந்து, ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். பக்க முட்கள் உண்மையிலேயே ஜிட்டரால் வந்தவை என்றால் 10 கிலோஹெர்ட்ஸில் 20 டெசிபல் உயர வேண்டும். இரண்டிலும் ஒரே உயரத்தில் நின்றால் அது ஜிட்டரே அல்ல; பவர் சப்ளையின் 100 ஹெர்ட்ஸ் அலைவு சிக்னலின் உயரத்தை ஆட்டுகிறது. அப்போது மாற்ற வேண்டியது அடாப்டரை.

சத்தமில்லாமல் 48 ஆகிவிடும் 44.1

லினக்ஸ் பிளேயரில் "டீஃபால்ட்" என்ற வெளியீட்டைத் தேர்ந்தால், அல்சாவின் டிமிக்ஸ் என்ற ஒலி கலக்கும் பகுதி பெரும்பாலும் எல்லாவற்றையும் 48,000-க்கு மறு சாம்பிள் செய்துவிடும். வேறு பிளக்இன் நிறுவாவிட்டால் தரம் குறைந்த எளிய முறையில் செய்யும். இதன் சேதம், மேலே பேசிய பிக்கோ நொடிகளைவிடப் பல மடங்கு பெரியது. பாட்டு ஓடும்போதே, ப்ராக் அடைவுக்குள் அசவுண்ட், அதற்குள் கார்டு, பிசிஎம், சப் என்று இறங்கி ஹெச்டபிள்யூ பாராம்ஸ் கோப்பைத் திறங்கள். ரேட் என்ற வரியில் 44100 என்று இருக்க வேண்டிய இடத்தில் 48000 இருந்தால் வெளியீட்டை நேரடியாக வன்பொருளின் பெயருக்கு மாற்றுங்கள். மறு சாம்பிள் செய்யாமல் வெறுமனே தவறான வேகத்தில் ஓடும் கோளாறும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். 44.1 பாட்டு 48-ல் ஓடினால் 8.8 சதவீதம் வேகம், ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் ஏற்றம். ஒன்றரைக் கட்டையில் பாடியவர் இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவே ஒலிப்பார். மூன்று நிமிடப் பாட்டு 165 நொடியில் முடியும்.

பல அறைகள், ஒரே பாட்டு

பல ஸ்பீக்கர்கள் சேர்ந்து பாட வேண்டும் என்றால் பொதுவான நேரம் ஒன்று வேண்டும். ஸ்னாப்காஸ்ட் என்ற பல அறை மென்பொருளில் சர்வர் பாட்டை 20 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றின் மீதும் நேர முத்திரை குத்துகிறது. ஸ்பீக்கர் பக்கத்துக் கிளையண்டுகள் சர்வரோடு தங்கள் நேரத்தை ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, முத்திரையிலிருந்து 1,000 மில்லி நொடி தள்ளி, எல்லாரும் ஒரே கணத்தில் ஒலிக்கின்றன. பிசகினால் ஒற்றைச் சாம்பிளை விட்டோ இரட்டித்தோ நெருங்கி வருகின்றன. வழக்கமான பிசகு 0.2 மில்லி நொடிக்குள். ஏர்பிளே 2 பிடிபி என்ற நேர ஒத்திசைவு நெறிமுறையைப் பயன்படுத்துகிறது. அதன் 319, 320 ஆகிய யூடிபி போர்ட்டுகளை ஃபயர்வால் மறித்தால் ஸ்பீக்கர் பட்டியலில் தெரியும், ஆனால் ஒத்து ஓடாது. ஒலிபரப்பு நிலையங்களின் ஏஇஎஸ்67 தரமும் பிடிபியை நம்பியே இயங்குகிறது. 2013-ல் வந்த அது கம்பி நெட்வொர்க்கையும் அதற்கேற்ற ஸ்விட்சுகளையும் எதிர்பார்ப்பது. வீட்டு வைஃபையில் அதை முயல வேண்டாம்.

எவ்வளவு பிசகு பரவாயில்லை என்பது இடத்தைப் பொறுத்தது. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும். 1 மில்லி நொடி என்பது 35 சென்டிமீட்டர். தனித்தனி அறைகளில் 10 மில்லி நொடி பிசகினால் ஒருவருக்கும் தெரியாது. ஒரே ஹாலில் இரண்டு ஸ்பீக்கரும் காதில் விழும்போது 1 மில்லி நொடியே 500 ஹெர்ட்ஸைச் சுற்றிய பகுதியைக் குழிவாக்கிக் குரலை மெலியவைக்கும். இடது ஸ்பீக்கர் ஒரு பையிலும் வலது ஸ்பீக்கர் இன்னொரு பையிலும் என்று ஸ்டீரியோ ஜோடியாக்கினால் 0.2 மில்லி நொடிகூடப் பாடகரை நடுவிலிருந்து நகர்த்தும், அதுவும் ஒரே இடத்தில் நிற்காமல் அலையும். அதைச் செய்யாதீர்கள். இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே டிஏசியில் மாட்டி, நீளமான ஸ்பீக்கர் வயர் இழுங்கள்.

மிச்சமிருக்கும் நிலையான தாமதத்தை அளப்பது எளிது. இரண்டு நொடிக்கு ஒரு முறை 5 மில்லி நொடி நீளத்தில் ஒரு டிக் ஒலிக்கும் கோப்பை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் தயார் செய்து இரண்டு அறைகளிலும் ஓட்டுங்கள். ஒரு ஸ்பீக்கரின் சத்தத்தைப் பாதியாக்குங்கள். பதிவில் எது யாருடைய டிக் என்று உயரத்தை வைத்தே தெரியும். போனை இரண்டுக்கும் சம தூரத்தில், நிலைவாசலில் வைத்து, 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். இரண்டு டிக்குக்கும் இடையே 48 சாம்பிள் இருந்தால் 1 மில்லி நொடி. சம தூரம் அமையவில்லை என்றால் 35 சென்டிமீட்டருக்கு ஒரு மில்லி நொடி கழித்துக்கொள்ளுங்கள். உள்ளே டிஎஸ்பி (ஒலியைக் கணக்கிட்டு மாற்றும் சிப்) வைத்த சவுண்ட்பார் போன்றவை பத்துக் கணக்கான மில்லி நொடி பின்தங்குவது சகஜம். அந்த எண்ணை ஸ்னாப்காஸ்டில் அந்தக் கிளையண்டின் லேட்டன்சியாகக் கொடுத்தால் அது அவ்வளவு முன்னதாக அனுப்பும்.

எண்ணைப் பதிவதற்கு முன் அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்துகொள்ளுங்கள். இரண்டு அளவும் ஒன்றானால் லேட்டன்சியில் எழுதிவிடலாம். 14 ஆக இருந்தது 31 ஆகியிருந்தால் எந்த எண்ணை எழுதினாலும் நிற்காது. அந்தக் கிளையண்ட் சர்வரின் நேரத்தைப் பிடித்துக்கொள்ள முடியாமல் திணறுகிறது. அதன் வைஃபை பவர் சேவை அணைத்து, முடிந்தால் கம்பிக்கு மாற்றி, 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே இருந்தாக வேண்டும் என்றால் 1, 6, 11 சேனல்களில் அக்கம்பக்கத்தார் குறைவாக இருப்பதைத் தேர்ந்து, பிறகு டிக்கை மறுபடி ஓட்டுங்கள்.